பதினேழாவது எலும்பும் எல்லைக்கல்லும்

ஒரு காட்டில் ஒரு கழுதை இருந்தது.

இப்படி ஆரம்பித்துவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடலாம் என்றுதான் இந்தக் கதையைச் சொல்கிறவனும் நினைத்தான். முடியவில்லை. அது ஒரு காடா, இரண்டு காடா என்பதில்தான் வழக்கே. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்ட கதைசொல்லி இவன் ஒருவனாகத்தான் இருப்பான். போகட்டும், விவரமாகவே சொல்லிவிடுவோம்.

கிழட்டுச் சிங்கம் ஆண்ட காலத்தில் அது ஒரே காடுதான். அதன் பிள்ளைகள் இருவரும் ஒருவர் குறட்டை ஒருவருக்குப் பிடிக்காமல், நிர்வாக வசதிக்காகக் காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மேட்டில் இருந்தது மேல்காடு, பள்ளத்தில் இருந்தது கீழ்க்காடு. நடுவில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கத்துப் புல்லும் அந்தப் பக்கத்துப் புல்லும் ஒரே ருசிதான். மழையும் கல்லைப் பார்த்துப் பெய்யவில்லை. சட்டம் மட்டும் வேறு வேறு.

கழுதைக்கு மாசிலாமணி என்று பெயர். கீழ்க்காட்டில் கரடி நடத்திய தேன் டிப்போவில் அதற்கு வேலை. தினமும் நான்கு குடம் தேனை முதுகில் ஏற்றிக்கொண்டு மேல்காட்டுக் கடையில் இறக்க வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு நாள் விடுப்புக் கேட்டதில்லை. தன்னைப் பற்றி மாசிலாமணிக்குப் பெரிய அபிப்பிராயமும் கிடையாது. யாராவது யாரையாவது “கழுதை” என்று திட்டினால், “சொல்லுங்க” என்று இது திரும்பிப் பார்க்கும்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அதற்குக் கௌரவம் உண்டு. சுமை ஏற்றியதும் டிப்போக்காரர் “தாங்குமா?” என்று கேட்க வேண்டும், கழுதை “தாங்கும்” என்று சொல்ல வேண்டும். கேட்காமல் அனுப்பினால் ரசீது செல்லாது. ஏற்றுவதற்கு முன்னால் கேட்கலாமே என்று யாரும் யோசித்ததில்லை. கழுதைகளின் பரம்பரையிலேயே “தாங்காது” என்று சொன்ன கழுதை கிடையாது. சொல்ல நினைத்தவை இருந்திருக்கலாம். அவற்றுக்கு அதற்குள் மூச்சு நின்றிருக்கும்.

மேல்காட்டுச் சிங்கத்தின் பிறந்தநாள் வந்தது. தேனுக்குக் கிராக்கி. கரடி வழக்கமான நான்கு குடத்தை ஏற்றிவிட்டு, ஐந்தாவது குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியது. அந்த நேரம் பார்த்து மாசிலாமணியின் மச்சான், அதாவது அதன் மனைவி கோமளத்தின் அண்ணன், டிப்போ வாசலில் வந்து நின்றது. பிள்ளைத்தாய்ச்சியைப் போல மெல்ல நடக்கிறவன் என்று மாசிலாமணியைக் கல்யாணத்தன்றே கிண்டல் பண்ணிய மச்சான் அது.

“தாங்குமாப்பா?” என்றது கரடி.

“அஞ்சும் தாங்கும், ஆறும் தாங்கும் முதலாளி,” என்றது மாசிலாமணி.

கரடிக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாதா என்ன? ஆறாவதையும் வைத்துவிட்டது.

டிப்போ வாசலிலிருந்து எல்லைக்கல் வரை அறுநூறு அடி. மாசிலாமணி தலையை நிமிர்த்தி நடந்தது. மச்சான் கண்ணுக்கு மறைகிற வரை நிமிர்த்தியே நடந்தது. கல்லைத் தாண்ட முன்னங்காலை எடுத்து வைத்தபோது முதுகுக்குள் ‘களுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஆறு குடமும் உடைந்தன. முன்னங்கால்கள் மேல்காட்டிலும் பின்னங்கால்கள் கீழ்க்காட்டிலுமாக, நடு முதுகு கல்லை உரசியபடி, மாசிலாமணி நீட்டிப் படுத்துவிட்டது. கழுத்தில் தொங்கிய கைப்பேசி கிணுகிணுத்தது. ‘மேல்காடு உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று அதில் ஒரு செய்தி வந்திருந்தது.

கரடி ஓடிவந்தது. முதலில் குடங்களைத்தான் எண்ணியது. பிறகு கழுதையைப் பார்த்து, “அடடா,” என்றது. அதற்குப் பிறகு, “நாளைலேர்ந்து உன் சம்சாரத்தை அனுப்பி வை. ஒப்பந்தம் குடும்பத்தோடதான். யார் சுமந்தா என்ன?” என்றது.

மறுநாளிலிருந்து கோமளம் சுமந்தது. மாசிலாமணி கொட்டகையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. சாயங்காலம் கோமளம் திரும்பி வரும்போது முன்னங்காலை வைக்கிற விதத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருக்கும். அதைத் தினமும் மாசிலாமணி பார்க்கும். எழுந்து போய்த் தன் தாடையால் கோமளத்தின் முதுகை நீவிவிடும். நாலு குடம் சுமக்க வேண்டிய முதுகு அது இல்லை. எப்படியாவது இழப்பீடு வாங்கிவிட்டால் கோமளத்தை டிப்போவிலிருந்து நிறுத்திவிடலாம். மாசிலாமணிக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

இழப்பீடு வாங்க வக்கீல் வேண்டும். காட்டில் பேர்போன வக்கீல் உடும்பு. பிடித்தால் விடாது என்பார்கள். யாரைப் பிடித்தால் என்று யாரும் சொல்வதில்லை.

“ஒரே முதுகுதான் சார்,” என்றது உடும்பு, புற்றுக்கு வெளியே தலையை நீட்டி. “ஆனா கல்லுக்கு அந்தப் பக்கம் ஒடிஞ்சா ஒரு விலை, இந்தப் பக்கம் ஒடிஞ்சா ஒரு விலை.”

“எம் முதுகுக்கு விலை உண்டுன்னே இப்பத்தாங்க தெரியுது,” என்றது மாசிலாமணி.

உடும்பு விளக்கியது. மேல்காட்டுச் சட்டப்படி முதுகில் எத்தனை சதவீதம் போயிற்று என்று பார்ப்பார்கள். சதவீதத்துக்குப் பத்துக் கட்டுப் புல். அடிபட்டவன் மேலும் கொஞ்சம் தப்பு இருந்தால், அந்தக் கொஞ்சத்தை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். கீழ்க்காட்டுச் சட்டம் வேறு மாதிரி. அங்கே முதுகு மொத்தமாகவே போனாலும் பன்னிரண்டு கட்டுக்கு மேல் கிடையாது. அடிபட்டவன் மேல் எள்ளளவு தப்பு இருந்தாலும் அந்தப் பன்னிரண்டும் கிடையாது.

“ஏங்க, கீழ்க்காட்டு முதுகு வலிக்காதா?” என்று கேட்டது கோமளம்.

“வலிக்கும்மா. ஆனா அங்க வலியை எண்றதுக்கு விண்ணப்ப ஃபாரம் அச்சடிக்கலை,” என்றது உடும்பு. பிறகு மாசிலாமணி பக்கம் திரும்பியது. “நாம என்ன பண்றோம், உங்க முதுகு மேல்காட்டுலதான் ஒடிஞ்சதுன்னு நிரூபிக்கிறோம். உங்க மேல தப்பு ஏதும் இல்லையே சார்?”

மாசிலாமணி தன் குளம்பைப் பார்த்தது. “இல்லைங்க. பெரிசா இல்லை.”

“அந்தப் ‘பெரிசா’வை இங்கயே விட்டுட்டுப் போங்க. ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு எனக்கு.”

உடும்பு புல் தின்னாது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு வேண்டுமாம். தொழில் தர்மம்.

முதலில் மருத்துவச் சான்றிதழ். மேல்காட்டு மருத்துவக் குழுவில் டாக்டர் மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. வெளியே ஒரு பலகை: ‘நிற்க முடியாதவர்கள் இந்த வரிசையில் நிற்கவும்.’ மாசிலாமணிக்கு நாற்பத்து மூன்றாம் நம்பர் டோக்கன் கிடைத்தது. விண்ணப்பத்தை மூன்று பிரதி எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் வந்து நின்றது, உச்சிப்பொழுது தாண்டியது, பசி எடுத்தது. மூன்றாவது பிரதியை மாசிலாமணி தின்றுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. காகிதம் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் கழுதை வேறென்ன செய்யும்? தின்று முடித்த பிறகுதான் அது தன் விண்ணப்பம் என்று ஞாபகம் வந்தது. மறுபடி முதலிலிருந்து வரிசை.

மூன்றாம் நாள் உள்ளே போனது. மரங்கொத்தி அதன் முதுகில் உட்கார்ந்து, கழுத்திலிருந்து வால் வரை ஒவ்வொரு எலும்பாகத் தட்டிக்கொண்டே போயிற்று. பதினாறு எலும்பு வரை ‘டொக்’ என்றது. பதினேழாவது ‘தொப்’ என்றது.

“இதான்,” என்றது மரங்கொத்தி. “பதினேழாவது எலும்பு. நாப்பத்தஞ்சு சதவீதம். எவ்வளவு நேரமா வரிசையில நின்னே?”

“மூணு நாளாங்க.”

“மூணு நாள் நிக்க முடிஞ்சிருக்கு. அஞ்சு குறைச்சுக்கோ. நாப்பது.”

நாற்பது சதவீதம் என்றால் நானூறு கட்டு. சான்றிதழை வாங்கிக்கொண்டு மாசிலாமணி வீடு வரை வாயை இறுக்க மூடிக்கொண்டே நடந்தது. பயம் தன் வாய் மேல்தான்.

அடுத்தது அளவை. பதினேழாவது எலும்பு விழுந்தபோது எந்தக் காட்டில் இருந்தது? உடும்பு கைப்பேசிச் செய்தியைக் காட்டியது. மேல்காடு வரவேற்றிருக்கிறதே, அப்படியென்றால் மேல்காட்டில்தானே விழுந்திருக்கிறார்? கரடியின் வக்கீலான கீரி ஒத்துக்கொள்ளவில்லை. “வரவேற்பு கழுத்துக்குத்தான். கைப்பேசி தொங்கினது கழுத்துல. முதுகை யாரும் வரவேற்கலை,” என்றது. ஆகவே நில அளவையர் நத்தையை வரச் சொன்னார்கள். பக்கத்து மரத்திலிருந்துதான் வர வேண்டும். நாற்பத்தொரு நாளில் வந்து சேர்ந்தது.

“விழுந்த மாதிரியே விழுந்து காட்டணும்,” என்றது நத்தை.

மாசிலாமணி விழுந்து காட்டியது. நத்தை நாடாவைப் பிரிப்பதற்குள் வலி தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மறுபடி விழச் சொன்னார்கள். இரண்டாவது தடவை ‘முகபாவம் சரியில்லை’ என்று கீரி ஆட்சேபித்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக அமைந்தது. தன் வாழ்க்கையில் பயிற்சி எடுத்து ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் விழுவதுதான் என்று மாசிலாமணி மண்ணில் முகம் புதைந்தபடி நினைத்துக்கொண்டது. பதினேழாவது எலும்பு எல்லைக்கோட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி மேல்காட்டுக்குள் இருந்ததாக நத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டது. கையெழுத்துக்கு ஒரு பொழுது ஆயிற்று.

அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. கரடி கோமளத்தின் மேல் ஐந்தாவது குடம் ஏற்ற ஆரம்பித்திருந்தது. ஒரு சாயங்காலம் மாசிலாமணி தாடையால் நீவும்போது கோமளத்தின் முதுகு நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று சிலிர்த்து விலகியது.

“வலிக்குதா?”

“இல்லைங்க. கூச்சம்,” என்றது கோமளம்.

அது கூச்சம் இல்லை. அந்த இடம் பதினேழாவது எலும்பு என்று மாசிலாமணிக்குத் தெரியும். அதற்கு அழுகை வந்தது. கழுதை அழுதால் ஊருக்கே கேட்கும் என்பதால் அடக்கிக்கொண்டது.

வழக்கு விசாரணைக்கு வந்தது. இரண்டு காட்டுக்கும் பொதுவான நீதிபதி ஆமை. முதுகைப் பற்றிய வழக்கில் ஆமைக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அதற்கு முதுகு வலித்ததே இல்லை. முதுகு என்பது வீடு மாதிரி ஒன்று, அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் எண்ணம். வேடிக்கை பார்க்க இரண்டு காட்டுக் கழுதைகளும் வந்திருந்தன. முன்வரிசையில் மச்சான்.

உடும்பு சான்றிதழைக் காட்டியது, அளவை அறிக்கையைக் காட்டியது. முதுகு மேல்காட்டு முதுகுதான் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டது. நானூறு கட்டுப் புல்லின் வாசனை மாசிலாமணியின் மூக்குக்கு எட்டியே விட்டது. கோமளம் வழக்குக் காகிதக் கட்டை முதுகில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றது. அந்தக் கட்டும் இதற்குள் ஒரு தேன் குடம் கனம் ஆகியிருந்தது.

கீரி எழுந்தது.

“டிப்போவுல கிளம்பறப்ப முதலாளி உங்ககிட்ட என்ன கேட்டார்?”

“தாங்குமான்னு கேட்டாருங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

உடும்பு நாக்கை நீட்டி நீட்டிச் சைகை காட்டியது. வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். நானூறு கட்டும் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அப்போது டிப்போவில் இருந்தது கரடியும் மச்சானும்தான். கரடி எதிர்க்கட்சி, அதன் பேச்சு எடுபடாது. மச்சானோ தங்கச்சிக்காக வாயைத் திறக்காது.

வழக்கமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் கழுதை தர்மத்தை நினைத்துப் பார்த்து உண்மையைச் சொல்லும். வனதேவதை தோன்றி எண்ணூறு கட்டாகக் கொடுப்பாள். மாசிலாமணி தர்மத்தை நினைக்கவில்லை. முன்வரிசையில் மச்சானின் முகத்தைப் பார்த்தது. தாங்கும் என்று சொல்லாத கழுதையும் ஒரு கழுதையா என்று கேட்பதுபோல் இருந்தது அந்த முகம்.

“அஞ்சும் தாங்கும், ஆறும் தாங்கும்னு சொன்னேங்க,” என்றது மாசிலாமணி. சொல்லும்போது அதன் தலை தானாக நிமிர்ந்தது.

பார்வையாளர் பகுதியில் இருந்த கழுதைகள் எல்லாம் பெருமையோடு கத்தின. உடும்பு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. மாசிலாமணி திரும்பிக் கோமளத்தைப் பார்த்தது. கோமளம் கத்தவில்லை. முதுகில் இருந்த வழக்குக் கட்டைச் சற்று இடம் மாற்றி வைத்துக்கொண்டது.

மதியத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. ஆமை ஓட்டுக்குள்ளிருந்து நிதானமாகப் படித்தது:

“மனுதாரரின் முதுகு மேல்காட்டில் ஒடிந்தது. எனவே அதன் விலை மேல்காட்டுச் சட்டப்படி நானூறு கட்டு. மனுதாரரின் வாய் கீழ்க்காட்டில் தவறியது. எனவே அந்தத் தப்பைக் கீழ்க்காட்டுச் சட்டப்படி பார்க்க வேண்டும். கீழ்க்காட்டுச் சட்டப்படி தப்பு இருந்தால் தொகை இல்லை. ஆகவே நானூற்றில் நானூறு போக மீதி ஒன்றுமில்லை. இரண்டு காட்டுச் சட்டத்தையும் மதித்ததில் இந்த மன்றம் மகிழ்ச்சி அடைகிறது. மனுதாரரின் உண்மையைப் பாராட்டி அவருக்கு ஒரு சால்வை போர்த்தவும்.”

போர்த்தினார்கள். பதினேழாவது எலும்பின் மேல் சரியாகச் சால்வையின் ஜரிகை குத்தியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்பார்கள். தன் குலத்தைப் பற்றிய பழமொழியைத் தானே நேரில் நிறைவேற்றி வைத்ததாக மாசிலாமணி நினைத்துக்கொண்டது.

வாசலில் உடும்பு அலுத்துக்கொண்டது. “என்ன சார் நீங்க? அதே வார்த்தையைக் கல்லைத் தாண்டி வந்து சொல்லியிருந்தாக்கூட, தப்புக்குக் கால்வாசி கழிச்சு முந்நூறு கட்டு கிடைச்சிருக்கும். வாயும் முதுகும் ஒரே காட்டுல இருக்கணும் சார். அதான் சட்டம்.”

“தாங்காதுன்னு சொல்லியிருந்தா?” என்று கேட்டது கோமளம்.

உடும்பு சிரித்தது. “எந்தக் கழுதைம்மா அப்படிச் சொல்லும்? சொன்னா தப்பே இல்லையே. முழுசாக் கொடுக்கணும்.”

வீட்டுக்குப் போகிற வழியில் மாசிலாமணிதான் பேசிக்கொண்டே வந்தது.

“புத்தி கெட்ட வாய் கோமளம் இது. அன்னிக்கு விண்ணப்பத்தைத் தின்னுச்சு, இப்ப நானூறு கட்டையும் தின்னுடுச்சு. உங்க அண்ணன் முன்னாடி நிமிர்ந்து நிக்கணும்னு உன் முதுகை அடமானம் வச்சுட்டேன்.”

“அது இருக்கட்டுங்க,” என்றது கோமளம். “டிப்போ வாசல்லேர்ந்து கல்லு வரைக்கும் எத்தனை அடி?”

“அறுநூறு. ஏன்?”

“சும்மாத்தான்.”

மறுநாள் காலை கோமளம் வேலைக்குக் கிளம்பியபோது மாசிலாமணியும் நொண்டிக்கொண்டே கூடப் போனது. மேல்காட்டில் வேறொரு விழா. கரடி ஐந்து குடத்தை ஏற்றிவிட்டு ஆறாவதை எடுத்தது. அதை வைத்தபோது, கோமளத்தின் முதுகுக்குள் ‘களுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

கரடிக்குக் கேட்கவில்லை. மாசிலாமணிக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை அது எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுகொள்ளும். அது வாயைத் திறப்பதற்குள் கோமளம் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

“தாங்குமாம்மா?” என்றது கரடி, ரசீதில் கண்ணை வைத்துக்கொண்டு.

“அதைக் கல்லைத் தாண்டிச் சொல்றேன் முதலாளி.”

“அதென்ன புது வழக்கம்?”

“பொம்பளைங்க நாங்க யோசிச்சுத்தானே சொல்லணும். பதில் இல்லாம ரசீது செல்லாதுல்ல? கூட வாங்க.”

கரடி முணுமுணுத்துக்கொண்டே ரசீதோடு கூட நடந்தது. கோமளம் நடந்தது. தடுமாறவில்லை. பல்லைக் கடித்திருந்தது வெளியே தெரியவில்லை. மாசிலாமணி பக்கத்தில் நடந்தபடி அடிகளை எண்ணியது. நூறு. இருநூறு. ஒடிந்த எலும்போடு ஓர் அடி நடப்பது என்றால் என்னவென்று அந்தக் காட்டில் அதற்கு மட்டும்தான் தெரியும். தான் அன்றைக்குச் சுமையோடு ஓர் அடிகூட நடக்கவில்லையே, அந்த இடத்திலேயே விழுந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டது. முந்நூற்று ஐம்பதில், “படுத்துடு கோமளம், போதும்,” என்று காதோடு சொன்னது.

“பேசாம வாங்க. இங்க படுத்தா பன்னெண்டு கட்டு,” என்றது கோமளம். குரல் மெல்லியதாக இருந்தது.

நானூற்று எழுபதில் கோமளத்தின் மூக்கிலிருந்து நுரை வந்தது. மாசிலாமணி எண்ணுவதை நிறுத்திவிட்டது. கண்ணீர் மறைத்ததால் எண்ண முடியவில்லை. எல்லைக்கல் வந்தது. கோமளம் கல்லைத் தாண்டியது. தாண்டியதும் நிற்கவில்லை. இரண்டு விரற்கடைச் சந்தேகம்கூட யாருக்கும் வரக்கூடாது என்று இன்னும் பத்தடி உள்ளே போனது. கழுத்தில் இருந்த கைப்பேசி கிணுகிணுத்தது. மேல்காடு கோமளத்தையும் அன்புடன் வரவேற்றது.

“இப்பக் கேளுங்க முதலாளி.”

“தாங்குமா?”

“தாங்காது,” என்று சொல்லிவிட்டுக் கோமளம் கால்களை ஒழுங்காக மடக்கி, பதினேழாவது எலும்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் மேல்காட்டில் இருக்கும்படி படுத்துக்கொண்டது. குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு உடைந்தன.

கழுதைகளின் பரம்பரையில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் கழுதை அதுதான். வானம் இடிந்து விழவில்லை.

டாக்டர் மரங்கொத்தி சம்பவ இடத்துக்கே பறந்து வந்தது. பதினாறு எலும்பு ‘டொக்’ என்றது. பதினேழாவது எந்தச் சத்தமும் போடவில்லை. மரங்கொத்தி மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தது.

“இப்பத்தான் ஒடிஞ்சதா? ஒடிஞ்ச பிறகு ரொம்ப தூரம் நடந்து அரைபட்ட எலும்பு மாதிரி இருக்கே. உடனே படுத்திருந்தா நாப்பதுதான் வரும். இது அறுபது.”

“இங்கதான் ஒடிஞ்சது டாக்டர்,” என்றது கோமளம்.

மரங்கொத்தி மாசிலாமணியைப் பார்த்தது. “நீ கூடத்தானே வந்தே? என்ன சொல்றே?”

அறிவுள்ள யாரும் மாசிலாமணியின் வாயை நம்பி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். மாசிலாமணி வாயைத் திறந்தது. உண்மை நாக்கு நுனி வரை வந்து நின்றது. குனிந்து பார்த்தது. காலடியில் டாக்டரின் பழைய குறிப்புச் சீட்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டு மென்றது. வாய் நிறையக் காகிதம் இருக்கும்போது பேசுவது மரியாதை இல்லையே? மென்றுகொண்டே, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டியது.

வாய் மேல்காட்டில், முதுகு மேல்காட்டில், தப்பு எந்தக் காட்டிலும் இல்லை. ஆமை பதினோரு நாளிலேயே தீர்ப்புச் சொன்னது. அறுநூறு கட்டு. அடிக்கு ஒரு கட்டு என்று கணக்குப் போட்டது மாசிலாமணி மட்டும்தான். யாரிடமும் சொல்லவில்லை. உடும்பு வந்து தன் பங்காக இருநூறு கட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது கொட்டகையில் இரண்டும் ஒருக்களித்துப் படுத்திருக்கின்றன. வாசலில் நானூறு கட்டுப் புல். கோமளம் இனி டிப்போவுக்குப் போக வேண்டாம். மாசிலாமணி ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான், அது நடந்துவிட்டது. கோமளத்தால் இனி எழுந்து நிற்கவும் முடியாது என்பதை விண்ணப்பத்தில் எங்கே எழுதுவது என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. அதனால் தினமும் ஒவ்வொரு கட்டாக வாயில் கவ்வி இழுத்து வந்து, கோமளத்துக்கு ஊட்டிவிட்டுத் தான் தின்கிறது.

“வலிக்குதா?” என்று ஒரு நாள் கேட்டது.

கோமளம் புல்லை நிதானமாக மென்று விழுங்கியது. “வலிக்குதுங்க. ஆனா மேல்காட்டு வலி.”

கரடி ஆள் இல்லாமல் மச்சானை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. முதல் நாள் “தாங்குமா?” என்று கேட்டதற்கு மச்சான் பதில் சொல்லவில்லையாம். கல்லைத் தாண்டிச் சொல்கிறேன் என்றதாம். இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கும் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதி இடுப்புக்கு மேல் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுதிய மேஜை எந்தக் காட்டில் இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்து வைக்காமல் போனான். கழுதைக்கு வந்த புத்தி அவனுக்கு வரவில்லை.

நீதி: முதுகு எங்கே ஒடிந்தாலும் படுக்கிற இடம் பார்த்துப் படு.

(இந்த நீதி மேல்காட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும்.)